கம்பியைத் தொட்டால் இரைச்சல் நிற்கும்

லரிஹுன் பின்பக்கக் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தபோது, அறைக்குள் இரைச்சல் நின்றது.

முதலில் அப்பாடா என்றுதான் இருந்தது. மத்தியானம் முழுக்கக் காதுக்குள் வண்டு புகுந்தாற்போல் இரைந்துகொண்டிருந்த பெட்டி அடங்கியதும், தகரக் கூரையில் மழை விழும் சத்தமும், கீழே சோற்றுக்கடையில் யாரோ கரண்டியால் பாத்திரத்தைச் சுரண்டும் சத்தமும், குழாய்த் தண்ணீர் சிமெண்டுத் தொட்டியில் சிதறும் சத்தமும் தனித்தனியாகக் கேட்க ஆரம்பித்தன. அப்புறம்தான் சோப்பு நுரையோடு அவள் கைகள் தண்ணீருக்கடியில் அப்படியே நின்றன.

பேஸ் கிட்டார் பிடித்த எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. கிட்டாரை ஆம்ப் என்கிற ஒலிபெருக்கிப் பெட்டியில் சொருகி, சத்தத்தைத் திறந்துவிட்டுக் கையை எடுத்துவிட்டால், பெட்டி அடித்தொண்டையில் உம்ம்ம் என்று இரைந்துகொண்டே இருக்கும். கம்பி மேல் ஒரு விரலை வைத்தால் போதும், வாயைப் பொத்தியது போல நின்றுவிடும். விரலை எடுத்தால் மறுபடி ஆரம்பித்துவிடும். பழைய கிட்டார், பழைய வால்வு ஆம்ப் என்றால் இன்னும் அதிகம். அது பழுது அல்ல, சுபாவம். ஓர் உடம்பு தொட்டுக்கொண்டிருந்தால் அடங்கும், அவ்வளவுதான்.

அவளுடைய இரண்டு கைகளும் குழாய்க்குக் கீழே இருந்தன.

ஈரக் கையோடு வாசலில் வந்து நின்று எட்டிப் பார்த்தாள். கிட்டார் அதன் தாங்கியில்தான் சாய்ந்திருந்தது. ஆம்பின் சிவப்பு விளக்கு எரிந்தது. முதுகுப்பக்கத்து வலைக்குள் கண்ணாடிக் குழல் வால்வுகள் கரி அடுப்பு மாதிரி கனன்றன. அறையில் யாரும் இல்லை. ஆனால் நான்கு கம்பிகளில் மிகத் தடித்தது மட்டும், யாரோ இப்போதுதான் விரலை எடுத்தது போல, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நடுங்கியது. நடுக்கம் ஓய்ந்தது. உம்ம்ம் என்று இரைச்சல் திரும்பி வந்தது.

"ஈரம்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஷில்லாங் மழையில் சுவரே வேர்க்கிறது, ஒயர் வேர்க்காதா.

திரும்பிப் போய் மறுபடி கை கழுவினாள். நான்கு நாளாக இதே வேலை. எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் அந்த வாடை போகவில்லை. பன்றிக் கொழுப்பும் பழைய பாக்கும் துருவும் கலந்த ஒரு வாடை. ராத்திரி வீட்டில் சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகும்போது, சோற்றுக்கு முன்னால் அந்த வாடை மூக்கில் ஏறும். தங்கை கேட்டாள்: "என்னக்கா, கையை அப்படிப் பார்த்துக்கிட்டே இருக்கே?"

எல்லாம் அந்தக் கம்பிகளால் வந்தது. திங்கட்கிழமை டிரைபோர் அவளை இந்த அறைக்குக் கூட்டிவந்து, செத்துப்போன கிட்பொக்கின் கிட்டாரைக் கையில் கொடுத்தபோது, தொட்டவுடனே விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். கம்பி உலோகம் மாதிரியே இல்லை. ஏதோ பிராணியின் வால் மாதிரி வழவழவென்று, கொஞ்சம் மெத்தென்று இருந்தது. வருஷக்கணக்கான வேர்வையும் எண்ணெயும் குவாய்ப் பாக்கு மடித்த விரலின் சிவப்பும் சுண்ணாம்பும் அடுக்கடுக்காய் ஏறி, கம்பிக்குத் தோல் வைத்திருந்தது.

"பா டிரைபோர், புதுக் கம்பி நானே வாங்கிப் போட்டுக்கறேனே," என்றாள் அன்றைக்கு. பா என்றால் இந்த ஊரில் அண்ணன்.

டிரைபோர் சிரித்தார். இசைக்குழுவின் தலைவர், கிட்டார்க்காரர், ஐம்பதைத் தாண்டியும் கூந்தல் வளர்த்தவர். "ஏம்மா, வேதக்கோயில்ல பாட்டுக்குப் பின்னாடி டொம் டொம்னு அடிக்கறதுக்கு வேணா புதுக் கம்பி சரி. எங்க பாட்டுக்கு இந்தக் கம்பிதான். கிட்பொக் கம்பியை மாத்தினதே இல்ல, தொடைச்சதும் இல்ல. சத்தமே அந்த அழுக்குலதான் இருக்கு. தொடைச்சே, போச்சு."

"நாறுது பா."

"நல்ல சத்தம் நாறத்தான் செய்யும். உனக்கு இந்த இடம் வேணுமா, வேணாமா?"

வேண்டும். அது அவருக்கும் தெரியும். வீடு கடைசிப் பெண்ணுக்கு; அதுதான் இந்த மலையில் முறை, அதில் லரிஹுனுக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. தங்கையின் வீட்டில் ஓர் அறை அவளுக்கு உண்டு, தட்டும் உண்டு. ஆனால் தன்னுடையது என்று சொல்ல இந்தப் பத்து விரல்தான். கோயில் பாட்டுக்குழுவின் பின்வரிசையில் அவற்றை வைத்துக்கொண்டு இளமை முழுவதும் நின்றாகிவிட்டது. போன மழையில் கிட்பொக் போனதிலிருந்து குழுவுக்கு பேஸ் ஆள் நிலைக்கவில்லை. ஒருவன் வந்தான், விரலில் சொறி என்று சொல்லி ஓடிப்போனான். இப்போது சனிக்கிழமை மைதானத்தில் கச்சேரி. அன்றைக்கு கிட்பொக்கின் சத்தம் வந்தால் இடம் அவளுக்கு. வராவிட்டால் திமாப்பூரிலிருந்து ஒரு பையனைக் கூப்பிட்டுக்கொள்வார் டிரைபோர். அவளுடைய சொந்த ஆம்போ மின்சாரம் ஏறி இறங்கியதில் போன மாதமே புகைந்துவிட்டது. கிட்பொக்கின் ஆம்பைத் தூக்க நாலு ஆள் வேண்டும், சனிக்கிழமை காலையில்தான் இறக்குவார்கள். அதனால் அதுவரை இங்கேயே, அவன் வாழ்ந்த இதே அறையில், காங் ஸ்ட்ரெல்டாவின் சோற்றுக்கடைக்கு மேலே பயிற்சி.

இன்றைக்கு வியாழன்.

கை துடைத்துக்கொண்டு லரிஹுன் பழுதைத் தேட உட்கார்ந்தாள். இரைச்சல் இருப்பது தப்பில்லை, தானாக நிற்பதுதான் தப்பு. எங்கேயோ ஓர் இணைப்பு விட்டுவிட்டுத் தொடுகிறது. ஒயரை மாற்றிப் பார்த்தாள். சொருகுமிடத்தை அசைத்துப் பார்த்தாள். பென்சிலால் வால்வுகளை ஒவ்வொன்றாகத் தட்டினாள். டிங், டிங் என்று நன்றாகத்தான் சொன்னது. ஸ்பீக்கர் பெட்டியின் முன்துணியைக் கழற்றினாள். உள்ளிருந்து வந்த காற்று முகத்தில் வெதுவெதுப்பாகப் பட்டது, யாரோ வாயைத் திறந்தது போல. ஸ்பீக்கர்களின் காகிதக் கூம்பில் வெள்ளைப் பூசணம், எலிக்குஞ்சின் மயிர் மாதிரி, மெல்லியதாகப் பூத்திருந்தது. கீழே விளிம்பில் அது ஈரமாக மஞ்சளித்து, தொட்டால் ஒட்டும் போலிருந்தது. இரைச்சலுக்கு அந்த மயிர் ஒவ்வொன்றும் அசைந்தது.

துணியைத் திரும்ப மாட்டினாள்.

கிட்டாரில், வலது கை மீட்டும் இடத்தில், கம்பிகளுக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் வைத்திருந்தான் கிட்பொக். கம்பி அதிகம் கணகணக்காமல் அமுக்கிப் பிடிக்க அந்தக் காலத்து ஆட்கள் செய்கிற வேலை. அது கறுத்து, ஊறி, அழுகின ஈரல் மாதிரி தொங்கியது. அதற்கடியில்தான் எர்த் ஒயர் வருகிறது. திருப்புளியால் நெம்பியபோது ஸ்பாஞ்ச் பிய்ந்து பிய்ந்து வந்தது. அதற்குள்ளிருந்து, பழுப்பு நிறத்தில் வளைந்த ஒரு சில்லு உதிர்ந்தது. உடைந்த மீட்டுக்கட்டை என்று நினைத்தாள். மாட்டுக்கொம்பில் செய்வார்களே, அந்த மாதிரி. இரண்டு கையிலும் வேலை. வாத்தியக்காரர் எல்லோரும் செய்வதுபோல அதை உதட்டிடுக்கில் கவ்விக்கொண்டு, ஒயரைத் தடவிப் பார்த்தாள்.

ஒயர் உறுதியாக இருந்தது. பற்றவைத்த ஈயம் பளபளத்தது. பழுது என்று ஒன்றும் இல்லை.

படியில் செருப்புச் சத்தம். காங் ஸ்ட்ரெல்டா தட்டோடு வந்தாள். தெரு முழுவதும் அவளைக் காங் என்றுதான் கூப்பிடும். வயதுக்கும் கரண்டிக்கும் கொடுத்த மரியாதை.

"சாப்பிட்டியா, இல்ல இந்தப் பெட்டி முன்னாடியே ஜெபமா?"

லரிஹுன் சில்லை உதட்டிலிருந்து எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தாள். "பசியில்ல காங்."

"பசியில்லாத ஆளுக்கு என் கடைக்கு மேல என்ன வேலை? ஜாதோ கொண்டாந்திருக்கேன், சூடா. பன்னிக் கொழுப்பு எறங்கின சோறு, பாரு எப்படி மின்னுதுன்னு." தட்டை வைத்துவிட்டு, நாற்காலியைப் பார்த்தாள், உட்காரவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து குவாய் ஒன்றை வாயில் ஒதுக்கினாள். "அவனும் இப்படித்தான். ஒரு கையால தின்பான், இன்னொரு கை கம்பி மேலயே கெடக்கும். கையைக் கழுவறதுன்னா என்னன்னு அவங்கம்மா சொல்லிக்குடுக்கல."

"எப்படிச் செத்தார் காங்?"

"டிரைபோர் சொல்லலையா?"

"நெஞ்சுவலின்னார்."

"நெஞ்சுவலிதான். கடவுள் வீட்டுல குவாய் மெல்லப் போயிட்டான், நல்லா மெல்லட்டும். ஆனா எந்தக் கெழமை போனான்னு யாருக்குத் தெரியும்? மழைன்னா மழை, அப்படி ஒரு மழை. நாத்தம் வருது. நான் என் எலும்புத் தொட்டிதான்னு நெனச்சு பினாயில் ஊத்தி ஊத்திக் கழுவறேன். சோறு திங்க வந்தவன் எல்லாம் மூக்கைப் பொத்தறான். 'காங், கறி பழசா'ன்னு கேக்கறான். என் மானமே போச்சு."

"மேல வந்து பாக்கலியா?"

"எதுக்கு வரணும்? சத்தம் இருந்தாத்தானே வருவேன்." காங் தலைக்கு மேலே கையைச் சுழற்றிக் காட்டினாள். "அவன் வெளிய போனா பெட்டியை அணைக்கவே மாட்டான். அது உம்ம்ம்னு என் உச்சந்தலையில இரையும். நான் முட்டி வலியோட ஏறி வந்து, அணைச்சுட்டு, திட்டிட்டுப் போவேன். அந்தத் தடவை ஒரு பொட்டு சத்தம் இல்ல. ஊருக்குப் போயிருக்கான்னு விட்டுட்டேன்."

லரிஹுனுக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருக்கலாம். "பெட்டி அணைச்சிருந்துச்சா காங்?"

"எங்க. எரிஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சாம். டிரைபோரும் ஆளுங்களும் கதவை ஒடச்சு, அந்த நாற்காலியிலேர்ந்து அவனைத் தூக்கினப்ப, ஊன்னு ஒரு அலறல் பாரு. கீழ எல்லாரும் தட்டைப் போட்டுட்டுத் தெருவுக்கு ஓடிட்டாங்க." அவள் எழுந்து ஜன்னல் வழியே சிவப்பாகத் துப்பினாள். "கழுவி உடுத்தி விட நான்தான் நின்னேன். எங்க கழுவறது? தொட்ட எடமெல்லாம் கையோட வருது. வலது கை நடுவிரல்ல நகமே இல்ல. முழுசாப் பொதைக்கணுமேன்னு தேடினோம், கெடைக்கவே இல்ல. சாப்பிடு, ஆறிடும்."

அவள் இறங்கிப் போனாள். லரிஹுன் ஜன்னல் கட்டையைப் பார்த்தாள். பழுப்பு. வளைவு. ஒரு பக்கம் மழுங்கி, மறுபக்கம் உலர்ந்த சதையின் ஓர் இழை.

தொட்டிக்கு ஓடிப் போய்ச் சேர்வதற்குள் வாந்தி விரலிடுக்கில் வந்துவிட்டது. வாயைக் கொப்பளித்தாள். உதட்டைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். நாக்கைத் துணியால் வழித்தாள். உள்ளே இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடிக்கொண்டிருக்கிற வரைக்கும் நல்லது என்று தோன்றியது.

அந்த நிமிஷமே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். கிளம்பினால் சனிக்கிழமை போச்சு. இந்தக் கம்பிகளை இப்படியே தொடவும் இனி உயிர் போனாலும் முடியாது. அப்போதுதான், கையில் காசில்லாத பேஸ்காரர்கள் எல்லோரும் செய்கிற வேலை அவள் ஞாபகத்துக்கு வந்தது. செத்த கம்பியைக் கழற்றி, சுருட்டி, வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைத்தால் அழுக்கெல்லாம் கழன்று புதுசு மாதிரி ஆகிவிடும். கம்பி அதே கம்பிதான். டிரைபோருக்குத் தெரிய வேண்டியதில்லை. சத்தம் வந்தால் யார் கேட்கப் போகிறார்கள்.

ஆம்பை அணைத்தாள். கிட்பொக்கின் மின் அடுப்பும் அலுமினியப் பாத்திரமும் மூலையில் கிடந்தன. கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு கம்பிகளைக் கழற்றி உள்ளே போட்டு, தண்ணீர் ஊற்றி, நின்று பார்த்தாள்.

கொதி வந்ததும் முதலில் பழுப்பு. அப்புறம் சிவப்பு. அப்புறம் மேலே கண் கண்ணாய் எண்ணெய், மஞ்சளாக, மினுமினுவென்று, ஒன்றோடொன்று சேர்ந்து தகடாகப் படர்ந்தது. நுரை சாம்பல் நிறத்தில் பொங்கி ஓரத்தில் ஏறியது. அதிலிருந்து வந்த மணம் கெட்டதாக இருந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். அது நல்ல மணமாக இருந்தது. கீழே கடையில் விடியற்காலையில் எலும்பு வேகும்போது தெருவையே இழுக்குமே, அந்த மணம். வாயில் எச்சில் ஊறியது. ஊறியதை ஜன்னல் வழியே துப்பினாள். கம்பிகளிலிருந்து வெங்காயச் சருகு மாதிரி ஏதோ கழன்று, பாத்திரத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. ஒன்று பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றது. ஒளி ஊடுருவும் அவ்வளவு மெல்லியது. அதில் வட்டத்துக்குள் வட்டமாய், ரேகை.

இடுக்கியால் கம்பிகளை எடுத்துத் துண்டில் பரப்பினாள். பளபளவென்றிருந்தன. தண்ணீரைத் தொட்டியில் கொட்டப் பயமாக இருந்தது. அடைத்துக்கொண்டு அங்கேயே தேங்கி நின்றுவிட்டால்? மழை குறைந்ததும் தெருச் சாக்கடையில் கொட்டலாம் என்று மூடி வைத்தாள். கிட்டாரின் கழுத்தைத் துடைக்க மண்ணெண்ணெய் வேண்டும். கீழே போய்க் காங்கிடம் ஒரு புட்டியில் வாங்கிக்கொண்டு, இருட்டிக்கொண்டு வந்த படியில் ஏறித் திரும்பினாள்.

டிரைபோர் கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஒரு கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தார். தலைமயிரிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது.

"வாம்மா. நடுங்கிப்போய் வந்தேன், தெய்வமே சூப் வெச்சிருக்கு. காங் குடுத்தாங்களா? கொழுப்பு நல்லா எறங்கியிருக்கு. உப்புதான் போட மறந்துட்டாங்க." கடைசி வாயை உறிஞ்சிவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். "என்ன அப்படிப் பாக்கறே? உனக்கும் மிச்சம் வெச்சிருக்கேன், பயப்படாதே."

லரிஹுன் அடுப்பைப் பார்த்தாள்; பாத்திரம் திறந்து கிடந்தது. அவர் கீழுதட்டில் என்னவோ ஒட்டியிருந்தது. வெங்காயச் சருகு மாதிரி.

அவர் பார்வை அவளைத் தாண்டி, துண்டின் மேல் போனது. பளபளக்கும் நான்கு கம்பிகள். சிரிப்பு மெல்ல இறங்கியது.

"என்ன பண்ணியிருக்கே?"

"பா..."

"தொடைக்காதேன்னு சொன்னேனா இல்லியா? உனக்குத் தெரியுமா அதுல என்ன இருந்துச்சுன்னு? அவனைத் தூக்கினப்ப விரல் தோல் கம்பியோட நின்னுடுச்சு. மத்தவங்க துணியை எடுத்துக்கிட்டு வந்தாங்க. நான்தான் தடுத்தேன், தெரியுமா. தொடாதீங்கடா, அவன் கை அப்படியே இருக்கட்டும், அந்தச் சத்தம் இருக்கட்டும்னு. அவனை முழுசா அதுலதான் வெச்சிருந்தேன். நீ என்னடான்னா..."

பேசிக்கொண்டே உதட்டைத் தடவினார். விரலில் வந்ததைச் சும்மா உருட்டினார். உருட்டியபடியே அடுப்பைப் பார்த்தார். பாத்திரத்தைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். விரல் நின்றது.

"எதுல கழுவினே?" என்று கேட்டார், மிகச் சின்னக் குரலில்.

டிரைபோர் விரலைக் கால்சட்டையில் துடைத்தார், மறுபடி துடைத்தார், துடைத்துக்கொண்டே எழுந்தார். முகம் அந்த நுரையின் நிறத்துக்கு வந்திருந்தது. வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு, திரும்பாமல் சொன்னார்: "மாட்டு. மாட்டி வாசி. சனிக்கிழமைக்கு அவன் சத்தம் வரணும். வரலைன்னா... நீ கோயிலுக்கே போயிடு."

படியில் அவர் இறங்குவது கேட்டது. பாதியில் நின்று ஓங்கரிப்பது கேட்டது. காங்கின் குரல்: "ஐயே, என் படியிலயா? குடிச்சா வீட்டோட கெடக்கணும்." அப்புறம் மழை மட்டும்.

பாத்திரத்தை முதலில் வெளியே கொண்டுபோய், கூரைத் தண்ணீர் கொட்டும் இடத்தில் வைத்தாள். கதவைச் சாத்தினாள். கம்பிகளை மாட்டினாள். சுத்தமான கம்பிகள். குளிர்ந்த, கடினமான, வெறும் உலோகம். கையில் உறுத்தியது, அந்த உறுத்தல் நன்றாக இருந்தது. நாற்காலியில் உட்கார வேண்டியிருந்தது. ஒயர் அவ்வளவுதான் நீளம். விளிம்பில் உட்கார்ந்து, கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு ஆம்பைத் திறந்தாள்.

வால்வுகள் மெல்லச் சிவந்தன. உம்ம்ம்.

வலது கையைக் கம்பிகளின் மேல் வைத்தாள்.

இரைச்சல் நிற்கவில்லை.

எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். உள்ளங்கை முழுவதையும் அழுத்தி வைத்தாள். நிற்கவில்லை. எர்த் ஒயர் விட்டிருக்கும் என்று நினைத்து, கம்பி முடிகிற உலோகத் தகட்டைத் தொட்டாள், ஒயர் முனையைத் தொட்டாள், செருப்பை உதறிவிட்டு வெறுங்காலை ஈரத்தரையில் ஊன்றினாள். கடைசியில் விரலை நாக்கில் நனைத்து வைத்தாள். ஒன்றும் இல்லை. பெட்டி அதுபாட்டுக்கு இரைந்தது. அந்த நாற்காலியில் ஆளே இல்லாதது போல இரைந்தது.

ஒரு ஸ்வரம் மீட்டிப் பார்த்தாள். டிங் என்று வெறுமையாக, தகரத்தில் ஆணி விழுந்தது மாதிரி ஒரு சத்தம். கிட்பொக்கின் சத்தம் அதில் ஒரு துளியும் இல்லை. சனிக்கிழமை போய்விட்டது என்று தெரிந்தது. கண்ணில் நீர் வந்தது. கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கப் போனாள்.

வாடை வந்தது.

கீழே கடையிலிருந்து இல்லை. வெளியே பாத்திரத்திலிருந்தும் இல்லை. அவள் பிடரிக்குப் பின்னாலிருந்து. சூடாக. நல்ல மணமாக.

பாத்திரத்தின் மூடி வெளியே விழுந்து உருண்டது. காற்று. காற்றாகத்தான் இருக்கும். கதவு சாத்தியிருந்தது. கதவுக்கடியிலிருந்து நாற்காலி வரைக்கும் தரையில் ஈரம். எண்ணெய் மினுங்கும் ஈரம். அவள் பாதத்தடியில் வெதுவெதுப்பாக.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

இரைச்சல் நின்றது.

மின்சாரம் போயிருக்கும். போகட்டும். போயிருக்கட்டும். சிவப்பு விளக்கு எரிந்தது. வால்வுகள் கனன்றன.

அவள் கையின் மேல் எடை இறங்கியது. மெத்தென்ற, ஊறிய, அதிகமாக வெந்த எடை. விரலுக்கு மேல் விரலாகப் படிந்தது. தோல் நழுவியது. நழுவி, அவள் தோலோடு ஒட்டிக்கொண்டது. ஒரு விரலின் நுனியில் நகம் இல்லை. அந்த இடம் மட்டும் இன்னும் மெத்தென்று.

அது அழுத்தியது. அவள் விரலால் மீட்டியது.

அந்தச் சத்தம் வந்தது. தடித்து, கொழுத்து, தரை வழியாக இறங்கி, சுவர் வழியாக ஏறி, அடிவயிற்றில் உட்காரும் அந்தச் சத்தம். ஸ்பீக்கரின் துணி ஒரு மூச்சு வெளியே தள்ளியது. கீழே கரண்டி நின்றது.

"ஆங், இப்பத்தான் கை வந்திருக்கு," என்று காங் ஸ்ட்ரெல்டா யாரிடமோ சொல்வது பலகை இடுக்கு வழியே கேட்டது. "கேளு. அச்சு அசல் அவனேதான்."

கத்த வாயைத் திறந்தாள் லரிஹுன். இன்னொரு கை உதட்டின் மேல் வந்து படிந்தது. உப்பில்லாமல் இருந்தது.

ஸ்வரம் மெல்ல மெல்லத் தேய்ந்து ஓய்ந்தது. மேலே இருந்த கை எழவில்லை. அவள் கையும் எழவில்லை. பெட்டி எரிந்துகொண்டிருந்தது, ஒரு பொட்டு சத்தம் இல்லாமல். கீழே காங் விளக்கை அணைத்து, கடைக் கதவை இழுத்துச் சாத்தி, மேலே காது கொடுத்து ஒரு கணம் நின்றாள். இரைச்சல் எதுவும் இல்லை என்றதும், குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.